ஐந்து மணிக்குப் பிறகு

1930-களின் நடுப்பகுதியில், கனடாவின் மொன்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், ஹான்ஸ் செல்யே என்ற இளம் மருத்துவர் பெண் எலிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஊசிக்குழலில் இருந்தது மாடுகளின் சினைப்பையிலிருந்து இறக்கிய சாறு. அதுவரை யாரும் அறியாத ஒரு பெண் ஹார்மோன் சினைப்பைக்குள் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் நம்பினார். ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஜேம்ஸ் காலிப், இன்சுலினைச் சுத்திகரித்து மனிதருக்குச் செலுத்தும் பக்குவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். ஹார்மோன் தேடுகிறவருக்கு அன்றைக்கு அதைவிட நல்ல இடம் வாய்த்திருக்காது.

எலிகளை அறுத்துப் பார்த்தபோது மூன்று மாற்றங்கள் தெரிந்தன. அட்ரீனல் சுரப்பி பெருத்திருந்தது. தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் புண்கள். புதிய ஹார்மோன் அகப்பட்டுவிட்டது என்று செல்யே பூரித்துப்போனார். ஆனால் நஞ்சுக்கொடிச் சாற்றை ஏற்றினாலும் அதே மூன்று மாற்றங்கள். சினைப்பைக்குச் சம்பந்தமே இல்லாத உறுப்புகளின் சாற்றை ஏற்றினாலும் அவையேதான். கடைசியில் வெறும் ஃபார்மலினை ஏற்றிப் பார்த்தார், மாற்றங்கள் இன்னும் கடுமையாக இருந்தன. மாதக்கணக்கான உழைப்பு வீணானது போலிருந்த அந்த நேரத்தில்தான் அவருக்கு வேறொன்று புலப்பட்டது. எலியின் உடல் எந்தச் சாற்றுக்கும் தனியாகப் பதில் சொல்லவில்லை, தனக்கு நேர்ந்த துன்பத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறது. குளிர், காயம், அளவுமீறிய ஓட்டம் எதுவாக இருந்தாலும் அதே பதில். 1936 ஜூலை 4 அன்று ‘நேச்சர்’ இதழில் ஒரு பக்கத்துக்குள் அவர் எழுதிய கடிதம்தான், இன்று நாம் ‘ஸ்ட்ரெஸ்’ என்று வாய்க்கு வாய் சொல்லும் கருத்தின் தொடக்கம்.

பெண் ஹார்மோனைத் தேடிப்போய், பெண் எலியின் உடலில் கண்டெடுத்த கருத்து இது. அடுத்த அறுபது ஆண்டுகளில் இதை வளர்த்தெடுத்த ஆய்வுக்கூடங்களில் பெண் எலியைக் காண்பது அரிதாகிவிட்டது. மனிதர்களிலும் அதே நிலைதான். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஷெல்லி டெய்லரும் அவருடைய சகாக்களும் 2000-இல் ஒரு கணக்கைச் சொன்னார்கள். மன அழுத்தத்தின்போது உடலில் சுரப்பவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்த ஆராய்ச்சிகளில், 1995-க்கு முன் பங்கேற்றவர்களில் பெண்கள் சுமார் 17 சதவீதம்தான். ‘எதிர்த்து நில் அல்லது தப்பி ஓடு’ என்று பாடப்புத்தகங்கள் மனித இயல்பாகவே கற்பித்த விதி, பெரும்பாலும் ஆண்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் அளந்து உறுதிசெய்த விதி.

பெண்ணை விலக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம் அவளுடைய மாதச் சுழற்சி. எலிக்கு அது நான்கைந்து நாள் சுழற்சி. ஹார்மோன்கள் ஏறி இறங்கும், கணக்கு குழம்பும், ஆகவே ஆண் எலியே போதும் என்றார்கள். 2014-இல் 293 ஆய்வுக்கட்டுரைகளின் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, சுழற்சியைக் கவனிக்காமலே அளந்த பெண் சுண்டெலிகளின் அளவுகள் ஆண் சுண்டெலிகளின் அளவுகளைவிட அதிகமாகச் சிதறவில்லை என்று தெரியவந்தது. சில அளவுகளில் ஆண்களின் சிதறலே கூடுதல். ஒரே கூண்டில் வளரும் ஆண் சுண்டெலிகளுக்குள் யார் பெரியவன் என்ற சண்டை ஓயாமல் நடக்கிறது, அதற்கேற்ப டெஸ்டோஸ்டிரோனும் ஏறி இறங்குகிறது. அதை யாரும் குழப்பம் என்று கருதி ஆண் எலியை விலக்கி வைத்ததில்லை. ஏறி இறங்கும் ஹார்மோன் ஒன்று உடலின் எதிர்வினையை மாற்றுகிறது என்றால், ஆராய வேண்டியதே அந்த மாற்றத்தைத்தான். அதையே காரணமாகக் காட்டிப் பெண்ணை வெளியே நிறுத்தியதை விஞ்ஞானத்தின் எச்சரிக்கை என்று என்னால் ஏற்க முடியாது. அது அலட்சியம். அதன் விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவுக்கும் நடுவிலிருக்கும் அட்ரீனல் மிகச் சின்ன உறுப்பு. சிறுநீரகங்களின் உச்சியில் பக்கத்துக்கு ஒன்றாக அமர்ந்திருக்கிறது. வலப்பக்கம் இருப்பது முக்கோண வடிவம், இடப்பக்கம் இருப்பது பிறை வடிவம். ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம். குறுக்கே வெட்டினால் வெளிப்புறம் மஞ்சளாகவும் உட்புறம் செம்பழுப்பாகவும் இருக்கும், ஏனென்றால் உள்ளபடியே அவை இரண்டு வெவ்வேறு சுரப்பிகள். உட்புறம் நரம்பின் கட்டளைக்குப் பணிந்து சில விநாடிகளில் அட்ரீனலினைக் கொட்டும். நெஞ்சு படபடப்பது அதனால்தான். வெளிப்புறத்துக்கு வரும் உத்தரவு சுற்றுவழியில் வருகிறது. மூளையின் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விட, அது வந்து சேர்ந்த பிறகு அட்ரீனலின் வெளிப்புறம் கார்டிசாலைச் சுரக்கும். உச்சத்தைத் தொட இருபது முப்பது நிமிடம் ஆகும். கார்டிசால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், உடலின் எதிர்ப்புப் படையை அடக்கிவைக்கும், பின்பு மூளைக்கே திரும்பிப் போய் ‘போதும்’ என்று சொல்லித் தன் சுரப்பைத் தானே தணிக்கும். இந்தச் சுரப்பி அழிந்தால் மனிதர் மெல்ல மெல்லச் சாவார் என்பதை லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-லேயே எழுதிவைத்தார்.

எலிகளைப் பொறுத்தவரை ஆண் பெண் வேறுபாட்டில் சந்தேகத்துக்கு இடமில்லை. பெண் எலியின் அட்ரீனல் ஆணுடையதைவிடப் பெரியது. மனிதரின் கார்டிசாலுக்கு நிகராக எலிக்குச் சுரப்பது கார்டிகோஸ்டிரோன். அது பெண் எலிக்கு அதிகமாகச் சுரக்கிறது, நெருக்கடி வரும்போது கூடுதல் உயரத்துக்கும் ஏறுகிறது. சினைப்பையை எடுத்துவிட்டால் இந்த ஏற்றம் குறையும், ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால் மீண்டும் வரும். ஆண் எலியின் விரையை எடுத்தால் அதன் எதிர்வினை கூடும், டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்தால் அடங்கும். ஒரே பெண் எலியிடம்கூட, ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும் நாளில் எதிர்வினை மற்ற நாட்களைவிட வலுவாக இருக்கிறது. செல்யே பணியாற்றிய அதே மெக்கில் பல்கலைக்கழகத்தில் விக்டர் வியாவும் மைக்கேல் மீனியும் 1991-இல் இதைக் காட்டினார்கள். 2019-இல் பிரான்சிலிருந்து வந்த ஓர் ஆய்வு இன்னும் ஆழத்துக்குப் போயிற்று. பெண் சுண்டெலியின் அட்ரீனல் வெளிப்புறம் தன் பழைய செல்களைக் கழித்துப் புதியவற்றை வைத்துக்கொள்ளும் வேகம், ஆண் சுண்டெலியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த வேகத்தைத் தடுத்து வைப்பது ஆண் ஹார்மோன். ஆக, ஆணுக்கும் பெண்ணுக்கும் சுரப்பின் அளவு மட்டுமல்ல, சுரப்பி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் விதமே வேறு.

இதைப் படித்தவுடன் ‘பெண் என்றால் உணர்ச்சிவசப்படுகிறவள்’ என்ற பழைய தீர்ப்புக்கு அறிவியல் சான்று கிடைத்துவிட்டதாக நினைக்கிறவர்கள் உண்டு. மனிதரிடம் வரும்போது கணக்கு தலைகீழாக மாறுகிறது.

ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ஸ் கிர்ஷ்பாமும் சகாக்களும் உருவாக்கி 1993-இல் வெளியிட்ட சோதனை முறை, இன்று உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. உங்களை ஓர் அறைக்குள் அழைத்துப் போவார்கள். எதிரே ஒரு நடுவர் குழு உட்கார்ந்திருக்கும், ஒலிவாங்கியும் வீடியோ கேமராவும் இருக்கும். ஒரு வேலைக்கு நீங்கள்தான் தகுந்தவர் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். நடுவர் முகத்தில் சிரிப்போ தலையசைப்போ இருக்காது. பாதியில் சொல் தீர்ந்து நின்றால், “இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்” என்பார்கள், அவ்வளவுதான். அது முடிந்ததும் 1,022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வார்கள். ஓரிடத்தில் தவறினாலும் மறுபடி 1,022-இலிருந்து தொடங்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரு பஞ்சுச் சுருளை வாயில் மெல்லக் கொடுத்து, அதில் ஊறிய எச்சிலில் கார்டிசாலை அளப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறிவிடும்.

இந்தச் சோதனையில் ஆண்களின் எச்சிலில் ஏறும் கார்டிசால், பெண்களுக்கு ஏறுவதைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. பெண்கள் பதற்றத்தைக் குறைவாக உணர்ந்ததாகச் சொல்லவில்லை. ஹார்மோன்தான் குறைவு. அப்படியானால் உணர்ச்சிவசப்படுகிறவர்கள் ஆண்கள் என்று தீர்ப்பை மாற்றி எழுதிவிடலாமா? அதுவும் அவசரத் தீர்ப்பாகவே இருக்கும்.

1999-இல் கிர்ஷ்பாம் குழுவினர் 81 பேரை நான்கு அணியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆண்கள் ஓர் அணி. மாதவிடாய்ச் சுழற்சியின் முற்பாதியில் இருந்த பெண்கள் ஓர் அணி, பிற்பாதியில் இருந்தவர்கள் ஓர் அணி, கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டவர்கள் ஓர் அணி. இம்முறை எச்சிலோடு ரத்தத்தையும் அளந்தார்கள். பிட்யூட்டரியின் உத்தரவான ஏ.சி.டி.எச். ஆண்களுக்கே அதிகமாக ஏறியது. ரத்தத்தில் மொத்தக் கார்டிசாலோ நான்கு அணிக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. குறைந்த உத்தரவுக்கே பெண்ணின் அட்ரீனல் ஆணுக்கு ஈடாகச் சுரந்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள். பெண்ணின் சுரப்பிக்குக் கூர்மை அதிகம். எச்சிலைப் பார்த்தால், சுழற்சியின் பிற்பாதியில் இருந்த பெண்கள் ஆண்களுக்குச் சமமாக இருந்தார்கள். முற்பாதியினரும் மாத்திரை எடுத்தவர்களும் தெளிவாகக் கீழே இருந்தார்கள்.

ஒரே ஹார்மோன், ஒரே ஆள், ஒரே நிமிடம். ரத்தம் ஒன்று சொல்கிறது, எச்சில் வேறு சொல்கிறது. இதற்குக் காரணம் கல்லீரலில் உற்பத்தியாகும் ஒரு புரதம். ரத்தத்தில் ஓடும் கார்டிசாலில் பெரும்பகுதியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபடாமல் உலவுவது சுமார் ஐந்து சதவீதம்தான், செல்லுக்குள் புகுந்து வேலை செய்வதும் அந்த ஐந்து சதவீதம்தான். எச்சிலுக்கு வந்து சேர்வதும் அதுவே. ஈஸ்ட்ரோஜன் ஏறினால் கல்லீரல் இந்தப் புரதத்தைக் கூடுதலாகச் செய்கிறது. கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் அதை மிகவும் கூட்டிவிடுகிறது. மாத்திரை எடுக்கும் பெண்ணின் ரத்தத்தில் மொத்தக் கார்டிசால் எக்கச்சக்கமாக இருக்கும், ஆனால் அவள் உடலில் சும்மா உலவும் கார்டிசால் அந்த அளவுக்குக் கூடியிருக்காது.

இது ஏதோ ஆய்வுக்கூடத்து நுணுக்கம் என்று விட்டுவிட முடியாது. கார்டிசால் அளவுமீறிச் சுரக்கும் குஷிங் நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகமாக வருகிறது. சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் முதலில் செய்யும் சோதனைகளில் ஒன்று, இரவில் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டு மறுநாள் காலை ரத்தத்தில் கார்டிசால் அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்களில் பாதிப் பேருக்கு, நோய் இல்லாதபோதே, இந்தச் சோதனை ‘நோய் இருக்கிறது’ என்று காட்டும். அதனால்தான் சோதனைக்கு ஆறு வாரம் முன்பே அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி மருத்துவ வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. ஈஸ்ட்ரோஜனைக் கணக்கில் எடுக்காமல் கட்டிய ஓர் எண்ணைப் பெண்ணின் அறிக்கையில் அப்படியே படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இல்லாத நோயைத் தேடி ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்கும் செலவும், அந்த வாரங்களில் அவள் தூங்காத இரவுகளும் அந்த அறிக்கையில் வராது.

பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே அட்ரீனல் என்றும் சொல்ல முடியாது. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியும் மூளையைப் போலவே உத்தரவு அனுப்பத் தொடங்குகிறது, கடைசி மாதங்களில் கார்டிசால் இரண்டு மூன்று மடங்குக்குப் போய்விடுகிறது. மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த பெண்கள் கர்ப்பமானதும் எழுந்து நடமாடுவதை அமெரிக்காவின் மயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் கவனித்தார். உடலே சுரக்கும் ஏதோ ஒன்று அவர்களைக் குணப்படுத்துகிறது என்ற அந்த ஊகம்தான் அவரை அட்ரீனலிடம் கொண்டுபோய்ச் சேர்த்த வழிகளில் ஒன்று. 1948-இல் அட்ரீனல் ஹார்மோனான கார்டிசோன் ஊசியை முதன்முதலாகப் பெற்ற மூட்டுவாத நோயாளியும் ஒரு பெண்தான். அட்ரீனல் ஹார்மோன் ஆய்வுக்காக 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பால் கொடுக்கும் காலத்தில் நிலைமை மறுபடி மாறுகிறது. ஓடுபொறியில் ஓடவைத்துப் பார்த்தால் பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஏ.சி.டி.எச்.சும் கார்டிசாலும் மற்றப் பெண்களுக்கு ஏறுவதைவிடக் குறைவாகவே ஏறுகின்றன. முதுமையில் அதற்கு எதிர்ப்புறம். வயது ஏற ஏற நெருக்கடிக்குச் சுரக்கும் கார்டிசால் இரு பாலாருக்கும் கூடுகிறது, ஆனால் 2005-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வயதின் இந்தப் பாதிப்பு பெண்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு வலுவானது.

வயதான பெண்ணின் அட்ரீனலைப் பற்றிப் பேசும்போது ஒரு நோயைச் சொல்லாமல் விட முடியாது. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த டாக்கோட்சுபோ நோயில், பெரும் அதிர்ச்சி அல்லது துயரத்துக்குப் பிறகு இதயத்தின் கீழ் நுனிப்பகுதி திடீரெனச் செயலிழந்து உப்பிவிடும். பார்ப்பதற்கு மாரடைப்பு போலவே இருக்கும், ரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது. வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட 19 நோயாளிகளில் 18 பேர் பெண்கள். அவர்கள் ரத்தத்தில் அட்ரீனலினும் அதன் உறவு ஹார்மோன்களும் வழக்கமான அளவைப் போல 7 முதல் 34 மடங்கு வரை இருந்தன. கணவரின் சாவுச் செய்தி கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த கிழவியை, ‘துக்கத்தில் மயங்கிவிட்டாள்’ என்று தண்ணீர் தெளித்து உட்காரவைத்த வீடுகள் எத்தனையோ. அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்நோய் ஆண்களுக்கு அரிதாகவே வருகிறது, வந்தால் சாவு விகிதம் அவர்களுக்கே அதிகம். வேறுபாட்டை ஆராய்வது பெண்ணுக்கு மட்டும் நன்மை என்று நினைக்கிறவர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

இனி ட்ரியர் அறைக்கே திரும்பி ஒரு கேள்வி. அந்த நடுவர் குழுவின் முன் நிற்பது எந்த வகையான நெருக்கடி? திறமையைக் காட்டு, இல்லாவிட்டால் தோற்றுப்போவாய் என்னும் நெருக்கடி. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் லாரா ஸ்ட்ரௌடும் சகாக்களும் இரண்டு விதமான சோதனைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒன்று கணக்கும் மனப்பாடமும் சார்ந்தது. மற்றொன்றில் உடனிருப்பவர்கள் பேச்சில் சேர்த்துக்கொள்ளாமல் மெல்ல மெல்ல ஒதுக்கிவிடுவார்கள். கணக்குக்கு ஆண்களின் கார்டிசால் கூடுதலாக ஏறியது. ஒதுக்கப்பட்டபோது பெண்களின் கார்டிசால் கூடுதலாக ஏறியது. கிர்ஷ்பாம் குழுவே 1995-இல் இன்னொன்றைக் கண்டிருந்தது. மேடைப்பேச்சுக்குத் தயாராகும் நேரத்தில் துணைவி பக்கத்தில் இருந்தால் ஆண்களின் கார்டிசால் குறைகிறது. துணைவன் பக்கத்தில் இருந்தால் பெண்களின் கார்டிசால் குறையவில்லை, சற்றுக் கூடும் போக்கே இருந்தது. துணைக்கு வந்தவரே இன்னொரு நடுவராகிவிடுகிறார் போலும். அறையில் யார் இருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சுரப்பி தன் பதிலை மாற்றிக்கொள்கிறது. கேள்விகளை ஆண்களின் உலகத்திலிருந்து மட்டும் எடுத்துவிட்டுப் பெண்ணின் பதிலை ‘குறைவு’ என்று எழுதிவைத்தால், பிழை பதிலில் இல்லை.

இதை வெகு முன்பே, மிகப் பொறுமையாகச் சொன்னவர் ஒரு பெண். 1925-இல் ஹெல்சின்கியில் பிறந்து ஸ்வீடனில் பணியாற்றிய உளவியலாளர் மரியானே ஃப்ராங்கன்ஹாய்சர். சிறுநீரில் வெளியேறும் அட்ரீனலினை அளந்து, மனநெருக்கடியை எண்ணால் சொல்ல முடியும் என்று காட்டியவர்களில் முன்னோடி. 1970-களில் அவர் ஆண்களையும் பெண்களையும் ஒரே சோதனைக்கு உட்படுத்தியபோது, ஆண்களின் அட்ரீனலின் குபீரென்று ஏறியது. பெண்களுக்கு ஏற்றம் மிகக் குறைவு, வேலையிலோ அவர்கள் ஆண்களுக்குச் சளைக்கவில்லை. பள்ளி இறுதித் தேர்வு எழுதிய மாணவர்களிடமும் மாணவிகளிடமும் அதே முடிவு. இங்கேயே நிறுத்தியிருந்தால், ‘பெண்ணின் அட்ரீனல் அமைதியானது’ என்று ஒரு வாசகம் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும்.

அவர் நிறுத்தவில்லை. பொறியியல் படிக்கும் பெண்களை அழைத்து அளந்தார். அவர்களுடைய அட்ரீனலின் ஆண்களுடையதைப் போலவே ஏறியது. ஆண்களின் தொழில் என்று கருதப்பட்ட வேலைகளில் இருந்த பெண்களிடமும் அதே போக்கு. உடல்நலமில்லாத சின்னக் குழந்தையோடு மருத்துவமனைக்கு வந்த பெற்றோரை அளந்தபோது தாய்க்கும் தந்தைக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஹார்மோனில் கண்ட வேறுபாட்டில் ஒரு பங்கு சினைப்பையிலிருந்தும் விரையிலிருந்தும் வருகிறது, இன்னொரு பங்கு வளர்ப்பிலிருந்தும் வேலையிலிருந்தும் வருகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். சதைக்குள் ஐந்து கிராம் எடையில் கிடக்கும் ஓர் உறுப்பு, அதன் உடைமையாளர் எந்த வேலைக்குப் பழக்கப்பட்டார் என்பதை அறிந்துவைத்திருக்கிறது.

பின்னர் அவரும் உல்ஃப் லுண்ட்பெரியும் சகாக்களும் வால்வோ கார் நிறுவனத்துக்குப் போனார்கள். நடுநிலை மேலாளர்களாக இருந்த ஆண்களையும் பெண்களையும், எழுத்தர் வேலையில் இருந்தவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். அலுவலக நேரத்தோடு நிறுத்தவில்லை. இவர்கள் மாலையிலும், பங்கேற்றவர்களின் வீட்டிலும் அளவைத் தொடர்ந்தார்கள். 1989-இல் வெளியான முடிவு இது. பகலில் ஆண் மேலாளருக்கும் பெண் மேலாளருக்கும் ஏற்றத்தில் பெரிய வித்தியாசமில்லை. மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. அட்ரீனலினின் உறவு ஹார்மோனான நார்அட்ரீனலின் ஆண் மேலாளர்களுக்குச் சரசரவென்று இறங்கியது. பெண் மேலாளர்களுக்கு அது இறங்கவில்லை, இன்னும் ஏறியது.

அந்த ஏற்றத்துக்குச் சினைப்பையில் காரணம் தேட வேண்டியதில்லை. வீட்டுக் கதவைத் திறந்து பார்த்தால் போதும். அலுவலகத்திலிருந்து கிளம்பும்போதே இரவுக்கு என்ன சமைப்பது என்ற யோசனை, வழியில் காய்கறி, வந்ததும் அடுப்பு, பிள்ளையின் வீட்டுப்பாடம், மாமியாருக்கு மாத்திரை, துவைத்த துணி, மறுநாள் டிபன் பாக்ஸ். வால்வோவில் வேலை பார்த்த பெண்களுக்குப் பட்டியல் சற்று மாறுபட்டிருக்கும், அவ்வளவுதான். 1997-இல் அமெரிக்காவில் வேலைக்குப் போகும் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வும் இதையொட்டியே வந்தது. வீட்டில் ஒரு பிள்ளையாவது இருக்கும் பெண்களுக்கு, ஒரு நாள் முழுக்கச் சிறுநீரில் வெளியேறும் கார்டிசால், பிள்ளை இல்லாதவர்களைவிட அதிகம். அவர்கள் திருமணமானவர்களா, தனியாக இருப்பவர்களா என்பதால் இது மாறவில்லை.

நம் நாட்டுப் பெண்களின் அட்ரீனலை இப்படி மாலையில் வீட்டில் வைத்து அளந்த எண்ணை நான் இங்கே தரப்போவதில்லை. நேரத்தை அளந்த எண் இருக்கிறது. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். அதே வேலைகளில் ஈடுபடும் ஆண் 97 நிமிடம். ஆண்களில் பெரும்பாலோர் ஈடுபடுவதே இல்லை என்பதால் இந்த 97 நிமிடமும் அவர்களில் ஒரு சிறு பகுதியினரின் கணக்குதான். பெண்ணுக்கோ ஏறத்தாழ ஐந்து மணி நேரம். ஸ்வீடன் ஆய்வு அளந்தது இப்படிப்பட்ட மாலைகளைத்தான்.

மனச்சோர்வு நோய் பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது என்பது உலகளாவிய கணக்கு. அதற்கு ஹார்மோன் வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை ஆராய வேண்டும், பெண் எலிகளையும் பெண்களையும் சரிபாதி வைத்து ஆராய வேண்டும். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் விலங்கு ஆய்வுகளில்கூட இரு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2016-இல் கட்டாயமாக்கியது. செல்யேயின் கடிதம் வெளிவந்து 80 ஆண்டுகள் கழித்து. ஆனால் சோர்வு, படபடப்பு, நெஞ்சு வலி என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்ணைப் பார்த்து, “ஒன்றுமில்லைம்மா, எல்லாம் டென்ஷன்தான்” என்று சொல்லி வைட்டமின் எழுதிக்கொடுத்து அனுப்புவதற்கு இந்த ஆய்வுகளில் எதுவும் இடம் தரவில்லை. டென்ஷன் என்பது ரத்தத்திலும் எச்சிலிலும் அளக்கக்கூடிய ஒன்று என்பதைத்தானே தொண்ணூறு ஆண்டுகளாக அவை காட்டிவந்திருக்கின்றன. அவளுடைய சுரப்பி குறைந்த உத்தரவுக்கே ஆணுக்கு ஈடாக உழைக்கிறது. அவளுடைய மாலை முடிவதில்லை. இரண்டும் சேர்ந்து ஓர் உடலில் நடக்கும்போது, ‘ஒன்றுமில்லை’ என்பது மருத்துவக் கருத்தாகாது.

உங்களுக்கு யாராவது கார்டிசால் பரிசோதனை எழுதிக்கொடுத்தால், கருத்தடை மாத்திரையோ வேறு ஹார்மோன் மாத்திரையோ எடுத்துக்கொள்கிறீர்களா, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், நிறுத்தலாமா என்று அவரிடமே கேளுங்கள். மாதவிடாய் நின்ற அம்மாவுக்கோ அத்தைக்கோ ஒரு பெரிய துக்கத்துக்குப் பிறகு நெஞ்சு வலித்தால், அழுகையின் களைப்பு என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஈ.சி.ஜி. எடுக்க அழைத்துப் போங்கள். வேலையிலிருந்து திரும்பிய மனைவி அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்தில் நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். எழுந்து போய் வேலையில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், இன்று மாலையே.